உலக நியாயமும் ஊர் நியாயமும்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை இன்று உலக அரசியல் பேசாத தேநீர்க்கடை இல்லை எனலாம். காஸாவின் அழிவு, அமெரிக்காவின் ஆதிக்கம், சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகள், மேனாட்டு நாகரிகத்தின் கேடு ஆகிய எதைப் பற்றியும் திட்டமான அபிப்பிராயம் இல்லாதவரை இக்கரையோர ஊர்களிற் காண்பது அரிது. செய்தி காலையில் வருகின்றது; மாலைக்குள் தீர்ப்பும் கூறப்பட்டுவிடுகின்றது. ஆசிரியர் அறையிலும் மாணவர் கூடுமிடத்திலும் நிலைமை இதுவே.

இதனை நாம் குறையாகக் கூறவில்லை. தன் வயல் வரம்புக்கு அப்பால் எதையும் பாராதவனைவிடத் தொலைதூரத்து மனிதனின் துயருக்காகக் குரல் கொடுப்பவன் மேலானவன் என்பதில் ஐயமில்லை. 1955ஆம் ஆண்டில் ஆசிய, ஆபிரிக்க நாடுகளைப் பாண்டுங் நகரிற் கூட்டிய ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்று. உலக விவகாரம் நமக்கு அந்நியமானதன்று. நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா வேறு. இவ்வளவு பேச்சும் நம் அறிவைக் கூர்மையாக்குகின்றதா, அன்றி நம்மை நாமே நல்லவரென்று மெச்சிக்கொள்ளும் எளிய வழியாகின்றதா?

உலகைப் பற்றிய ஒரு கருத்தை எடைபோட இரண்டு அளவுகோல்கள் போதும் என்பது நம் எண்ணம். தூரத்து அநீதிக்கும் நம் வாசலுக்கும் இடையே ஓடும் இழையை அக்கருத்துக் கண்டுகொள்கின்றதா என்பது ஒன்று. பகைவன் செய்ததை அளந்த அதே கோலால் நண்பனும் அயலவனும் நாமும் செய்ததையும் அளக்கின்றதா என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் தேறாத கருத்து, எத்துணை ஆவேசம் கொண்டதாயினும், வெறும் ஓசையே.

இவ்வளவுகோல்களை நாம் வேறெங்கும் தேடிப் போகவேண்டியதில்லை. இம்மண்ணின் இலக்கியமே அவற்றைத் தந்துள்ளது. கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் 1981இல் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ என்னும் மொழிபெயர்ப்பு நூலை வெளியிட்டார். 1948இல் அழிக்கப்பட்ட அல்-பிர்வா கிராமத்திற் பிறந்த மஹ்மூத் தர்வீஷ் முதலிய கவிஞர்களின் குரல் அந்நூலின் வழியே தமிழுக்கு வந்தது. ஊரையும் வயலையும் இழந்த மக்களின் கோபத்தை ஈழத்துத் தமிழ் வாசகர்கள் தம் காலத்தின் கோபமாகவே படித்தனர்.

அதே 1981இல், மே 31ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 90,000க்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. அந்நாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்னும் கவிதையை எழுதினார். நூலகத்தைக் கொளுத்தியவர்கள் தாம் வணங்கும் புத்தரையே கொன்றார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. பலஸ்தீனத்தை நோக்கி நீண்ட அதே கை யாழ்ப்பாணத்தை நோக்கியும் நீண்டது என்பதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தம் மதத்தவர் என்பதற்காக மட்டும் பலஸ்தீனியரை நேசித்திருந்தால் அந்தக் கை யாழ்ப்பாணம் வரை எட்டியிராது. ஒடுக்கப்பட்டவன் என்பதே அங்கு உறவுக்குக் காரணம். இதனையே நாம் உலக நியாயம் என்கிறோம்.

இனி, இன்றைய நிலையைப் பார்ப்போம். 2023 ஒக்டோபரின் பின் காஸாவில் நடந்த பேரழிவு இக்கரையோரத்தை உலுக்கியது. பள்ளிவாசல்களிற் பிரார்த்தனை நடந்தது. வீதிகளில் ஆர்ப்பாட்டம் நடந்தது. சில மென்பானங்களையும் பண்டங்களையும் விலக்குமாறு வேண்டுகோள் எழுந்தது. இவற்றை எள்ளிநகையாடுவது நம் நோக்கமன்று. தென்னாபிரிக்க நிறவெறி ஆட்சியைத் தளர்த்தியவற்றுள் பண்ட விலக்கும் ஒன்று. ஆனால் அவ்விலக்குப் பல்லாண்டுக் காலம் தொழிற்சங்கங்களாலும் மாணவர் அமைப்புகளாலும் கட்டி வளர்க்கப்பட்டது. அதற்குக் கோரிக்கை இருந்தது, பொறுமை இருந்தது. நம் விலக்கோ பெரும்பாலும் ஒரு போத்தலை இறக்கி வைத்து இன்னொரு போத்தலைத் தூக்குவதோடு முடிந்துவிடுகின்றது.

அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் இஸ்ரேலிய விவசாயப் பண்ணைகளுக்கு 10,000 தொழிலாளரை அனுப்ப இலங்கை அரசு உடன்படிக்கை செய்தது. அங்கே பலஸ்தீனத் தொழிலாளர்க்கு வேலைத்தலங்களின் கதவு அடைக்கப்பட்ட வேளை அது. அடுத்த ஆண்டில் இதே அரசு ‘காஸா சிறுவர் நிதியம்’ ஒன்றை அமைத்து இரங்கவும் செய்தது. ஒரு கை கண்ணீர் துடைக்க, மறு கை துடைக்கப்பட்டவனின் வேலைக்கு ஆள் அனுப்பியது. இம்முரணைப் பற்றி நம் தேநீர்க்கடைகளில் எத்தனை பேர் பேசினர்? பேசியவரும் விமானம் ஏறிய இளைஞனையே துரோகி என்று ஏசினர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று கைவிரித்த நாட்டில், கடனடைக்கவும் அடுப்பெரிக்கவும் வழி தேடிய ஏழை அவன். அவனை அங்கே தள்ளிய பொருளாதாரத்தையும், ஒப்பமிட்ட கையையும் விட்டுவிட்டு அவனை ஏசுவது எளிது. இழை நம் வாசலைத் தொட்டது. நாமோ அதனைக் காணவில்லை.

உலகமயமாதல் என்னும் சொல்லுக்கும் இக்கதியே நேர்ந்துள்ளது. மேடைகளில் இச்சொல் பெரும்பாலும் இளைஞரின் தலைமயிரையும் பெண்களின் உடையையும் கண்டிக்கவே பயன்படுகின்றது. மேற்கத்திய நாகரிகம் நம் கலாசாரத்தை அழிக்கின்றது என்பார் ஒருவர். அரபு நாட்டு உடை நம் பழைய வழக்கத்தை அழிக்கின்றது என்பார் மற்றொருவர். இருவரும் பெண்ணின் உடலை நடுவில் நிறுத்தி வழக்காடுகின்றனர். அவள் அணிந்த துணியை நெய்தவர் யார், நெய்யாமற் போனவர் யார் என்று இருவரும் கேட்பதில்லை.

விடை தொலைவில் இல்லை. கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் இருக்கின்றது. சாறனுக்கும் கைத்தறிச் சேலைக்கும் பேர்போன ஊர் அது. 1977இன் முன் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் உள்நாட்டுத் துணிக்குச் சந்தை இருந்தது; தறிகள் ஓடின. 1977இல் வந்த அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு ஆலைத் துணி மலிவாக வந்து குவிந்தது. நூலையும் சாயத்தையும் ஏறிய விலைக்கு வாங்கிக் கையால் நெய்பவன், விசைத்தறியோடு போட்டியிட்டுத் தோற்றான். 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் எஞ்சிய தறிகளிலும் பலவற்றை அள்ளிச் சென்றது. இன்றும் அங்கே தறியோசை கேட்கின்றது. ஆயினும் நெசவாளியின் மகன் நெசவாளியாக விரும்புவதில்லை. உலகமயமாதலின் வரலாற்றை எழுத விரும்புவோர்க்கு இவ்வூரின் ஒரு தெரு போதுமானது. நம் கலாசாரக் காவலர்கள் அத்தெருவழியே நாள்தோறும் போகின்றனர்.

தெற்கே ஒலுவிலுக்குப் போனால் இன்னொரு பாடம் கிடைக்கும். டென்மார்க்கின் கடனில் கட்டப்பட்ட துறைமுகம் 2013இல் திறந்துவைக்கப்பட்டது. வாணிபக் கப்பல்கள் வந்து நிற்கும் என்றார்கள். வந்தது மணல், துறைமுக வாயில் தூர்ந்தது. கடலில் நீட்டிய கல்லணைகள் மணலோட்டத்தை மறித்ததால் வடபுறத்துக் கரை அரிக்கப்பட்டது. தென்னந்தோப்பும் கரைவலைக்காரரின் வாடிகளும் கடலுக்குள் போயின. கரை அழிந்த மீனவனுக்கும், அக்கடனைத் தன் வரியால் இறுக்கும் கூலியாளுக்கும் உலகமயமாதல் என்பது உடையைப் பற்றிய சர்ச்சை அன்று.

நம் வட்டைகளில் வேளாண்மை செய்வோரும் இவ்வாறே. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளிற் தடைசெய்யப்பட்டது. நவம்பரிற் தடை நீங்கியது. 2022இல் உக்ரேன் யுத்தத்தோடு உலகச் சந்தையில் யூரியாவின் விலை மேலும் ஏறியது. அம்பாறை மாவட்டத்து விவசாயி கொழும்பின் அவசரத்துக்கும் ஐரோப்பாவின் யுத்தத்துக்கும் சேர்த்து விலை கொடுத்தான். உக்ரேன் பற்றி எம்மிடையே வாய்ச்சண்டை நடந்தது. ஒருவர் ரஷ்யாவின் பக்கம், மற்றொருவர் அமெரிக்காவின் பக்கம். பசளை மூடையின் பக்கம் நின்று அந்த யுத்தத்தைப் பார்த்தவர் மிகச் சிலரே. 1952இல் சீனாவோடு செய்த ரப்பர்–அரிசி உடன்படிக்கையின்போது உலக அரசியல் சோற்றுக் கோப்பைக்குள் இருக்கின்றது என்பதை இந்நாட்டின் முற்போக்காளர் அறிந்திருந்தனர். அவ்வறிவு இடையில் எங்கோ தொலைந்துபோயிற்று.

இரண்டாவது அளவுகோலுக்கு வருவோம். இது கடினமானது, நம்மையே குத்துவது. 2005இல் மூதூரிலிருந்து வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்குச் சென்றபோது ரிஸானா நபீக்குக்கு வயது 17. கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. பராமரித்த குழந்தையின் மரணத்துக்காகக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்ட அவர், 2013 ஜனவரி 9இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். அமெரிக்காவையும் இஸ்ரேலையும் கண்டிக்கையில் இடிபோல் முழங்கிய குரல்களுட் பல அன்று மௌனம் காத்தன. சில நியாயம் கற்பிக்கவும் முயன்றன. ஏழைச் சிறுமியை வேலைக்கு அனுப்பிய வறுமையையும், வயதை மாற்றிய முகவர் தொழிலையும், அந்நாட்டின் நீதி முறையையும் ஒருங்கே கேள்விக்குள்ளாக்கும் துணிவு வெகு சிலரிடமே இருந்தது.

2019 ஏப்ரல் 26இல், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்து ஐந்து நாட்களின் பின், சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தோர் குண்டுகளை வெடிக்கவைத்துத் தம் சொந்தக் குழந்தைகளோடு மாண்டனர். அவர்களும் உலக அநீதியைப் பற்றிப் பேசியவர்களே. அயலவனை மனிதனாக எண்ணாத உலக அரசியல் எங்கே போய் முடியும் என்பதற்கு அவ்வீடு சாட்சி. அதே நாளில், சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூரின் சாதாரண மக்களே என்பதையும் மறத்தலாகாது.

இன்னும் அருகே வருவோம். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையில் நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒன்பது நாட்களின் பின், ஆகஸ்ட் 12இல், வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். முஸ்லிம் ஊர்கள் முதல் திகதியை ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றன. தமிழ் ஊர்கள் இரண்டாவதை நினைவுகூர்கின்றன. இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லும் மேடை நம் கரையோரத்தில் அரிது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் பற்றிய நெடுநாளைய வழக்கில் இரு தரப்பாரும் எல்லையைப் பற்றிப் பேசும் மொழியைக் கேளுங்கள். ‘அவர்கள்’ என்னும் சொல் எத்துணைக் கசப்போடு ஒலிக்கின்றது! நாடிழந்த பலஸ்தீனியனின் வலி விளங்குகின்ற ஒருவருக்கு, அடுத்த தெருவில் இருப்பவரின் அச்சம் விளங்காமற் போவது எவ்வாறு? தம் இனத்தின் இழப்பை உலகுக்கு எடுத்துரைக்கும் மற்றொருவருக்குக் காஸாவின் இழப்பு ‘அவர்களுடைய’ விவகாரமாகத் தோன்றுவது எவ்வாறு? இருவரிடமும் இருப்பது இனப்பற்று, நியாயப்பற்று அன்று.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். ‘காஸாவில் பல்லாயிரவர் மாண்டுகொண்டிருக்க, தறியையும் பசளையையும் பிரதேச செயலகத்தையும் பேசுவது துயரின் அளவைச் சிறுமைப்படுத்துவதாகாதா?’ என்பர். துயரின் அளவு ஒன்றென்று நாம் கூறவில்லை. அளக்கும் கோல் ஒன்றாக இருக்கவேண்டும் என்றே கூறுகின்றோம். மேலும், காஸாவின் குழந்தைக்காக நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. நம் அரசு யாரோடு என்ன உடன்படிக்கை செய்கின்றது என்று கேட்க நம்மால் முடியும். அடுத்த தெருவாரோடு அமர்ந்து பேச நம்மால் முடியும். முடிந்ததைச் செய்யாதவன் முடியாததற்காக முழங்குவதை யார் நம்புவர்?

இதில் ஆசிரியர்க்குத் தனிப் பொறுப்பு உண்டு. உயர்தர வகுப்பில் ‘உலகமயமாதல்’ பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர் பாடப்புத்தகத்து வரையறையையும் மேடையிற் கேட்ட கண்டனத்தையும் கலந்து நான்கு பக்கம் எழுதித் தருகின்றனர். நாமும் புள்ளி இடுகின்றோம். இனி, மருதமுனைக்குச் சென்று ஒரு சாறனுக்குரிய நூலின் விலையையும், நெய்தவரின் நாட்கூலியையும், கடையில் விற்கும் விலையையும் கேட்டு எழுதிவரச் சொல்வோம். பாண்டிருப்பு மாணவனும் கல்முனைக்குடி மாணவனும் சேர்ந்து போகட்டும். திரும்பி வந்தபின், ‘பலஸ்தீனக் கவிதைகள்’ நூலையும் ‘புத்தரின் படுகொலை’யையும் ஒரே பாடவேளையிற் படிக்கட்டும். அதன்பின் அவர்கள் உலகைப் பற்றிச் சொல்லும் அபிப்பிராயத்தை நாம் கேட்போம். அது கேட்கத் தக்கதாக இருக்கும்.