ஃப்ராய்ட் தவறவிட்ட ஒரு வரி

1930ல் ஜிக்மண்ட் ஃப்ராய்டுக்கு ஃப்ராங்க்ஃபர்ட் நகரம் ஒரு பெரிய விருது கொடுத்தது. மருத்துவ விருது அல்ல, கதே விருது. ஜெர்மன் இலக்கியமும் உளவியலும் எவ்வளவு நெருங்கிப் பழகின என்பதற்கு இது ஒன்றே போதும். ஆனால் இந்தச் சினேகத்தில் யார் யாருக்குப் பாடம் சொன்னார்கள்? ஒரே ஒரு கதையை வைத்துப் பார்க்கலாம். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துக்கொண்டு படித்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதை, ஈ.டி.ஏ. ஹாஃப்மன் 1816ல் வெளியிட்ட ‘மணல் மனிதன்’. தூங்காத பிள்ளைகளின் கண்ணில் மணலை வீசி, கண்களையே பிடுங்கிப் போகிறவன் மணல் மனிதன் என்று கேட்டு வளர்கிறான் நத்தானியேல். இரவில் அப்பாவைப் பார்க்க வரும் வக்கீல் கொப்பேலியஸ்தான் அவன் என்று முடிவு கட்டுகிறான். அந்த ஆள் வந்திருந்த ஓர் இரவில் நடந்த வெடிவிபத்தில் அப்பா இறந்துபோகிறார். பிறகு, மாணவனாக வெளியூரில் இருக்கும்போது, கொப்போலா என்ற வியாபாரியிடம் சின்னத் தொலைநோக்கி ஒன்றை வாங்குகிறான். அதன் வழியே எதிர்வீட்டு ஒலிம்பியாவைப் பார்த்துக் காதலில் விழுகிறான். அவளோ பேராசிரியர் ஸ்பலன்சானி செய்த பொம்மை! உண்மை தெரிந்ததும் பித்துப் பிடிக்கிறது. தேறி வந்து, பழைய காதலி கிளாராவோடு ஒரு கோபுரத்தில் ஏறுகிறான். அங்கே மறுபடி வெறி வருகிறது. அவளைத் தள்ளிவிடப் பார்த்து, கடைசியில் தானே குதித்துச் சாகிறான்.

1906ல் எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் என்ற மருத்துவர், அமானுஷ்ய உணர்வு ஏன் வருகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். எதிரே இருப்பது உயிரா இயந்திரமா என்று தெரியாத குழப்பத்திலிருந்து என்பது அவர் பதில். 1919ல் ஃப்ராய்ட் இதை மறுத்தார். ஒலிம்பியா முக்கியமில்லை, அந்தப் பகுதியை ஆசிரியரே கிண்டலாகத்தான் எழுதியிருக்கிறார், விஷயம் கண்கள் என்றார். கண் போய்விடும் என்ற பயம், தந்தை தன்னைக் காயடித்துவிடுவார் என்ற பால்யகால பயத்தின் மாறுவேஷம். அப்பாவும் கொப்பேலியஸும் ஒரே தந்தையின் நல்ல பாதி, கெட்ட பாதி.

கெட்டிக்காரத்தனமான வாசிப்புதான். கதையில் எங்கே தொட்டாலும் கண் வருகிறது என்று நமக்குக் காட்டிக்கொடுத்தவர் அவரே. ஆனால் கோபுரக் காட்சியில் ஓர் இடறல் இருக்கிறது. நத்தானியேல் தொலைநோக்கியில் கொப்பேலியஸைப் பார்த்ததால்தான் வெறி வந்திருக்க வேண்டும் என்று ஃப்ராய்ட் ஊகிக்கிறார். ஹாஃப்மன் எழுதியிருப்பது வேறு. நத்தானியேல் பக்கவாட்டில் பார்க்கிறான், கண்ணாடிக்கு முன்னால் நிற்பது கிளாரா. கொப்பேலியஸ் பிறகுதான் கீழே கூட்டத்தில் தெரிகிறார். பொம்மையைக் காதலியாகக் காட்டிய அதே கண்ணாடியில் இப்போது காதலி தெரிகிறாள். வெறி அங்கேதான் மூள்கிறது. அப்படியானால் ஒலிம்பியா எப்படி முக்கியமில்லாமல் போவாள்? ஒரே ஒரு வரி, ஆனால் கோட்பாட்டுக்குத் தோதாக அது மாறிவிட்டது.

இதை நக்கலாகச் சொல்லவில்லை. காரணம் இதுதான் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டு லாக் ஃபைலைத் திறந்தவன் நான், பல தடவை. தேடியது கிடைக்கும். கிடைக்காத வரிகள் கண்ணிலேயே படாது.

இன்னொன்று. இந்தக் கதைக்குள்ளேயே ஓர் உளவியலாளர் இருக்கிறார்: கிளாரா. நீ பயப்படுவதெல்லாம் உன் மனதுக்குள்தான் நடந்தது, நம்புவதை விட்டால் அதற்குப் பலம் இல்லை என்று அவள் கடிதம் எழுதுகிறாள். அன்பான, புத்திசாலித்தனமான கடிதம். ஃப்ராய்டின் கதைச்சுருக்கத்தில் அதற்கு இடமில்லை. நத்தானியேலோ அதைப் படித்து எரிச்சலடைகிறான். பிறகு ஒருநாள், அவன் எழுதிய கவிதையைத் தீயில் போடு என்று அவள் சொல்லும்போது, உயிரில்லாத இயந்திரமே என்று அவளைத் திட்டுகிறான். விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் கேட்பவன் காதில் அது இயந்திரக் குரலாக விழுகிறது. உளவியலைப் பற்றி ஹாஃப்மன் எழுப்பும் கேள்வி இதுதான் என்பது என் வாசிப்பு.

அவர் விவரம் தெரியாமல் எழுதியவர் இல்லை. மனநோய் பற்றி அன்று வந்த மருத்துவ நூல்களைப் படித்தவர். அதோடு பெர்லினில் நீதிபதி. 1817ல் டானியல் ஷ்மோலிங் என்ற புகையிலைத் தொழிலாளி தன் காதலியைக் கொன்றான். வெளியே தெரியாத பைத்தியம் என்று மருத்துவர் கருத்துச் சொன்னார். அந்தச் செயலைத் தவிர வேறு அறிகுறியே இல்லாத பைத்தியத்தை எப்படி ஏற்பது என்று ஹாஃப்மன் அதை நிராகரித்தார். அந்த முடிவு சரியா என்று இன்று விவாதிக்கலாம். ஆனால் மனதுக்கு எளிதில் பெயர் சூட்டிவிட முடியும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் தூக்கமில்லாமல் தவித்தபோது, “எல்லாம் உன் மனப்பிரமைப்பா” என்று அரைமணி நேரம் விளக்கினேன். நான் சொன்னது தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஃப்ராய்டின் கட்டுரையை அவசியம் படியுங்கள். ஆனால் அதற்கு முன் கதையைப் படித்துவிடுங்கள், கிளாராவின் கடிதத்தைத் தாண்டிக் குதிக்காமல்.