ஆங்கிலங் கற்பித்தல் முறைகளும் எமது வகுப்பறையும்: ஒரு விமர்சன நோக்கு

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்தல் பற்றி எமது நாட்டில் நிகழும் விவாதங்களில் ஒரு வினா திரும்பத் திரும்ப எழுப்பப்படுகின்றது: எந்த முறை சிறந்தது? மொழிபெயர்ப்பு முறை, நேர்முறை, அமைப்பு முறை, தொடர்பாடல் முறை என ஒவ்வொன்றினதும் நன்மை தீமைகளை இரு நிரல்களில் எழுதுதல் ஆசிரியர் பயிற்சி நெறிகளில் வழமையாகிவிட்ட ஓர் அப்பியாசமாகும். இவ்வினா தவறான இடத்தில் எழுப்பப்படுகின்றது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஒரு கற்பித்தல் முறையை அது பிறந்த வகுப்பறையிலிருந்து பிரித்தெடுத்து மதிப்பிடுதல் இயலாது. அவ்வகுப்பில் இருந்தோர் யார், எதற்காக வந்தனர், வகுப்பிற்கு வெளியே அம்மொழியை எங்கே கேட்டனர் என்பனவெல்லாம் அம்முறையின் உறுப்புக்களேயாம்.

நேர்முறையை உலகெங்கும் பரப்பிய பேளிற்ஸ் தமது முதலாவது மொழிப்பள்ளியை 1878இல் அமெரிக்காவின் புறொவிடென்ஸ் நகரில் ஆரம்பித்தார். அங்கு வந்தோர் கட்டணஞ் செலுத்திய வளர்ந்தோர். கற்பித்தோர் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர். பேளிற்சின் உதவியாசிரியராக வந்த பிரெஞ்சுக்காரருக்கு ஆங்கிலம் தெரியாதென்றும், அந்த அறியாமையிலிருந்தே மாணவரின் மொழியைப் பயன்படுத்தாத அம்முறை தோன்றியதென்றும் ஒரு கதையுண்டு. கதை உண்மையோ அன்றோ, கருத்து உண்மையானது. மாணவரின் மொழியை அறியாத ஆசிரியனுக்கு வேறு வழியில்லை. சாள்ஸ் பிறீஸ் 1941இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழி நிறுவனத்தை அமைத்தபோது அவர்முன் இருந்தோர் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து உயர்கல்விக்காக வந்தோர்; வகுப்பை விட்டு வெளியேறினால் தெருவெல்லாம் ஆங்கிலம். தொடர்பாடல் முறைக்கு வழிகோலிய ஐரோப்பியப் பேரவையின் மொழித்திட்டமும் (அதன் தொடக்கநிலை வரையறை 1975இல் வெளிவந்தது) நாடுவிட்டு நாடு சென்று தொழில் புரிய வேண்டிய ஐரோப்பிய வளர்ந்தோரை மனத்திற்கொண்டே ஆக்கப்பட்டது. கிளிநொச்சியிலோ பதுளையிலோ ஆறாம் ஆண்டில் இருக்கும் பிள்ளையை இவர்களுள் எவரும் நினைத்திருக்க நியாயமில்லை. அதற்காக அவர்களைக் குறைகூறுவதும் பொருந்தாது. குறை, அம்முறைகளை இறக்குமதிப் பண்டம்போல் அவ்வாறே ஏற்றுக்கொண்டோரைச் சார்ந்தது.

இந்நோக்கில் மைக்கல் வெஸ்ற் ஒரு சுவையான விதிவிலக்கு. டாக்காவிலே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய இவர், வங்காளத்தின் இருமொழியம் பற்றி 1926இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு காப்புறுதிக் கருத்தைக் கல்விக்குக் கொணர்ந்தார். காப்புறுதிப் பத்திரத்தை இடைநடுவில் ஒப்படைத்தால் அதுவரை கட்டியதற்கு ஏதேனும் கிடைக்குமல்லவா? அதுபோல, பாடசாலையை இடைவிடும் பிள்ளைக்கு அதுவரை கற்ற ஆங்கிலத்தால் மிஞ்சும் பயன் என்ன என்று அவர் கேட்டார். இறுதியாண்டு வரை இருப்போருக்கு மட்டும் பயன்தரும் பாடத்திட்டம், இடைவிடும் பெரும்பான்மையோரைப் பொறுத்தவரை முழு நட்டம் என்பது அவர் கண்ட முடிவு. எனவே பேச்சிலும் பார்க்க வாசிப்புக்கு முதலிடம் அளிக்கவேண்டும் என்றார். குடியேற்ற அரசின் கல்விச் சேவை அதிகாரியாகிய அவருடைய எல்லைகள் வெளிப்படையானவை. வங்காளிக்கு ஆங்கிலம் எதற்கு வேண்டும் என்பதை வங்காளி அல்லாத ஒருவர் தீர்மானித்தார். ஆயினும், முறையைப் பற்றிக் கேட்குமுன் மாணவனின் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டவர் அவர் என்பதை மறுத்தலாகாது.

இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி வாயிலான கல்வி ஆரம்ப வகுப்புக்களிலிருந்து படிப்படியாக உயர்ந்து, 1960ஐ அண்டிப் பல்கலைக்கழகத்தின் கலைத்துறை வரை சென்றது. ஒரு சிறு குழுவினருக்குப் போதனா மொழியாக இருந்த ஆங்கிலம் இவ்வாறு எல்லோருக்குமுரிய ஒரு பாடமாயிற்று. இது ஒரு சனநாயக வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லோருக்கும் வழங்கப்பட்டது பாடம். அம்மொழி தந்த அதிகாரம் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று குறிப்பிட்ட வழக்கை மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் வெளிவந்த தமது கட்டுரையொன்றில் ஆராய்ந்தார். வாளாக உணரப்படும் ஒன்றை எம்முறையாற் கற்பிப்பது என்ற வினா, கற்பித்தல் முறைக்கு அப்பாற்பட்ட வினாவாகும்.

1961இல் உகண்டாவின் மக்கரேரேயில் நடைபெற்ற மாநாட்டின் கோட்பாடுகளுள் ஒன்று, ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் மூலமே கற்பித்தல் சிறந்தது என்பது. றொபேட் பிலிப்சன் 1992இல் இதனை ஒரு போலிக் கோட்பாடு என எடுத்துக்காட்டிய பின்னரும் எமது வகுப்பறைகளில் அதன் செல்வாக்குக் குறையவில்லை. தமிழ் பேசிய பிள்ளை தண்டப்பணம் செலுத்தும் ஆங்கில வகுப்புக்கள் இன்றும் உள்ளன. இதனை உணர்ச்சிவயமாகக் கண்டிப்பதிலும் பார்க்க, இதனால் ஒரு பாடம் என்ன இழக்கின்றது என்பதைக் காட்டுதல் பயனுடையதாகும்.

ஆங்கிலத்தின் 'ஏ', 'த' என்னும் இரு சிறுசொற்களை எடுத்துக்கொள்வோம். தமிழில் இவ்வேறுபாடு இல்லை, ஆகவே தமிழ் மாணவனுக்கு இது விளங்குவது கடினம் என்று சொல்லப்படுவதுண்டு. இது பாதி உண்மையே. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து வயதுப் பிள்ளை நன்கறியும். பின்னையதில் எந்தப் புத்தகம் என்பது பேசுவோனுக்கும் கேட்போனுக்கும் முன்னரே தெரியும். இரண்டாம் வேற்றுமையுருபு இங்கு செய்யும் வேலையின் ஒரு பகுதியையே ஆங்கிலத்தில் 'த' செய்கின்றது. இதனை ஒருமுறை தமிழிற் காட்டினால் ஆங்கில ஆசிரியர் பல பாடவேளைகளை மிச்சப்படுத்தலாம்.

அதுமட்டுமன்று, பாடத்தை எவ்வொழுங்கில் அமைப்பது என்பதையும் இவ்வொப்பீடே தெரிவிக்கின்றது. அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாக வரும் இடத்தில் தமிழ் உதவுவதால் அங்கே தொடங்குவது பொருத்தமானது. எழுவாயிடத்தில் தமிழ் வேற்றுமையுருபு கொள்வதில்லை. 'புத்தகம் கிடைத்தது' என்பதில் எப்புத்தகம் என்பதைச் சூழலே உணர்த்தும். ஆகவே அங்கு பாடம் மெதுவாகச் செல்லவேண்டும். உயர்திணையிலோ நிலைமை மாறிவிடுகின்றது. 'ஒரு பையனைக் கண்டேன்' என்னும்போது பையன் யாரென்று தெரியாவிடினும் உருபு வந்தே தீரும். எனவே உயர்திணைப் பெயர்களை இறுதியில் வைத்து, முன்னர்க் காட்டிய ஒப்புமை இங்கு செல்லாது என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இலண்டனிலோ மிச்சிகனிலோ ஆக்கப்பட்ட எந்தப் பாடநூலும் இவ்வொழுங்கை எமக்குத் தரமாட்டாது. 'நேற்று வந்த பையன்' போன்ற பெயரெச்சத் தொடர்கள் ஆங்கிலத்தில் தலைகீழாக மாறுவதையும் இவ்வாறே திட்டமிடலாம். றொபேட் லாடோ 1957இல் முன்வைத்த ஒப்பீட்டு மொழியியல், மாணவரின் எல்லாப் பிழைகளையும் முன்கூட்டியே கூறிவிடலாம் என்று நம்பி மதிப்பிழந்தது உண்மைதான். ஆயினும் எதிர்வுகூறும் கருவியாகத் தோற்ற ஒன்று விளக்கும் கருவியாகவும் தோற்றுவிட்டது என்று கொள்ளுதல் அவசரமான முடிவு.

பாடக்குறிப்பு எழுதும் வழக்கம் இத்தகைய சிந்தனைக்கு இடமளிக்கின்றதா? எமது பாடசாலைகளிற் பாடக்குறிப்பு பெரும்பாலும் அதிபரின் கையொப்பத்துக்காக எழுதப்படும் ஆவணமாகவே உள்ளது. நோக்கம், உபகரணம், படிமுறை, மதிப்பீடு என்னும் தலைப்புக்களின் பின்னால் 1949இல் றல்ப் ரைலர் வகுத்த கலைத்திட்டக் கோட்பாட்டின் நிழலைக் காணலாம். நோக்கத்தை முதலில் நிறுவி, பின் அனுபவங்களைத் தெரிந்து, இறுதியில் அளவிடுதல் என்னும் அந்நேர்கோடு உற்பத்திச்சாலைக்கு ஏற்றது. மொழியைக் கற்போன் நேர்கோட்டிற் செல்வதில்லை. நேற்றுச் சரியாகச் சொன்னதை இன்று பிழையாகச் சொல்வான், அது முன்னேற்றமாகவும் இருக்கலாம். 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டத்துடன் எமது பாடசாலைகளுக்கு வந்த ஐந்து 'ஈ' மாதிரி, அமெரிக்காவில் 1980களில் விஞ்ஞானம் கற்பிப்பதற்காக உயிரியற் கலைத்திட்டக் குழுவொன்று ஆக்கியது. விஞ்ஞான மாணவன் இயற்கையின் ஒழுங்கைத் தேடிக் கண்டறிகிறான். மொழி மாணவனுக்கோ தேடுவதற்கே அம்மொழி வேண்டும். கருவியும் பொருளும் ஒன்றாயிருக்கும் பாடத்திற்கு அம்மாதிரி எவ்வளவு பொருந்தும் என்பது இங்கு போதியளவு விவாதிக்கப்படவில்லை.

இத்தகைய திட்டமிடலுக்கு மாற்றாக எமது பிராந்தியத்திலிருந்தே எழுந்த முயற்சி என். எஸ். பிரபுவினுடையது. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பாடசாலைகள் சிலவற்றில் நடத்தப்பட்ட இப்பரிசோதனையைப் பெங்களூர்த் திட்டம் என்பர். பிரபு இலக்கண ஒழுங்கு, சொல்லொழுங்கு இரண்டையும் கைவிட்டு, பணிகளின் தொடராகப் பாடத்தை அமைத்தார். புகையிரத நேர அட்டவணையொன்றை வைத்து ஆசிரியர் முழு வகுப்புடனும் வினாவிடையாக ஒரு சிக்கலைத் தீர்ப்பார், பின்னர் அதுபோன்ற இன்னொன்றை ஒவ்வொரு மாணவனும் தனித்துத் தீர்ப்பான், ஆசிரியர் திருத்துவார். வகுப்பின் அரைவாசிப் பேராவது பணியின் அரைவாசியையாவது சரியாகச் செய்யவேண்டும் என்பதே அவர் கொண்ட அளவுகோல். அதற்கேற்ப அடுத்த பாடத்தின் கடினம் கூடும் அல்லது குறையும். அதாவது அடுத்த நாளைய பாடக்குறிப்பை இன்றைய விடைத்தாள்கள் எழுதுகின்றன. கையொப்பத்துக்காக மாதமொன்றுக்கு முன்கூட்டியே எழுதப்படும் குறிப்புடன் இதனை ஒப்பிட்டு நோக்குக.

குழுவேலையைப் பிரபு தவிர்த்தார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஆங்கிலம் அறியாதோர் தம்முட் பேசினால் குறைமொழியே நிலைபெறும் என்று அவர் அஞ்சினார். மேலைநாட்டுத் தொடர்பாடல் முறையாளர் இதனைப் பழைமைவாதமாகக் கண்டனர். நாற்பது பேர் நெருங்கியிருக்கும், வாங்குகளை நகர்த்த இடமற்ற அறையைக் கண்டவருக்கு அது யதார்த்தமாகவே தோன்றும்.

எனினும் பிரபுவின் முயற்சியையும் விமர்சனமின்றி ஏற்கவியலாது. அங்கு கற்பித்தோருட் பலர் தேர்ந்த ஆசிரியப் பயிற்றுநர். வழமையான ஆசிரியர் அதனை முழுமையாகக் கையாள இடர்ப்பட்டனர் என்பதைப் பின்னர் வந்த ஆய்வு வெளிப்படுத்தியது. பணி என்று தெரிவுசெய்யப்படும் விடயமும் எங்கும் ஒன்றாகாது. 1990 முதல் 2014 வரை யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் ஓடவில்லை. அக்காலத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு நேர அட்டவணை, ஆங்கிலத்தைப் போலவே தானும் கற்றுத் தெளியவேண்டிய அந்நியப் பொருளாக இருந்திருக்கும். 1990இல் எழுதிய கட்டுரையிற் பிரபு, சிறந்த முறை என்று ஒன்றில்லை, ஆசிரியன் தன் பாடத்தின்மீது கொள்ளும் உயிர்ப்புள்ள நம்பிக்கையே முக்கியம் என்றார். முதற்பாதி ஏற்புடையது. பிற்பாதி வினாவை ஆசிரியனின் உள்ளத்துக்குள் அடைத்துவிடுகின்றது. பரீட்சைத் தாளை ஆக்குவோர் யார், நாற்பது நிமிடப் பாடவேளைகளைப் பங்கிடுவோர் யார், பயிற்றப்பட்ட ஆங்கில ஆசிரியர் நகரத்தை விட்டுச் செல்லாதது ஏன் என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை.

அவ்வினாக்களை எழுப்பியவர் சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாமாண்டுக் கலைமாணவருக்குப் போர்ச்சூழலில் அமெரிக்கப் பாடநூலொன்றைக் கொண்டு ஆங்கிலங் கற்பித்த அனுபவத்தை அவர் ஆராய்ந்தார். 1999இல் வெளிவந்த அவரது நூலில் அது விரிவாக இடம்பெறுகின்றது. மாணவர் பாடநூலின் ஓரங்களில் எழுதியவற்றையும் வரைந்தவற்றையும் அவர் வாசித்தார். அமெரிக்க நகரவாசிகளின் படங்கள் தமிழ்த் திரைப்படப் பாத்திரங்களாக மாறியிருந்தன. அரசியற் சுலோகங்களும் இடம்பெற்றிருந்தன. ஆனால் அதே மாணவர், உரையாடற் பயிற்சிகளை விடுத்து இலக்கணக் குறிப்புத் தருமாறு கேட்டனர். புத்தகத்தின் பண்பாட்டை எதிர்த்தோர் பழைமையான கற்பித்தலைக் கோரிய இம்முரண்பாட்டைக் கனகராஜா நேர்மையாக எதிர்கொள்கிறார். அந்நியப் பண்பாட்டினின்றும் விலகியிருந்து பரீட்சைக்கு மட்டும் வேண்டியதைப் பெறும் ஒரு வழியாக அவர் அதனை விளக்குகிறார். அதேவேளை அதனை முழுமையான எதிர்ப்பாகவும் அவர் கொள்ளவில்லை.

இவ்விளக்கத்துடன் இன்னொன்றையும் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. உரையாடற் பயிற்சிக்கு மறுநாளும் வகுப்பு நடக்கும் என்ற உறுதி வேண்டும். எதிரே பேச ஒரு துணையும் வேண்டும். இலக்கணக் குறிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இடம்பெயரலாம். மின்சாரமற்ற இரவில் குப்பிவிளக்கின் முன் தனித்திருந்து படிக்கலாம். வெஸ்ற் கேட்ட பழைய வினாவிற்கு, இடைவிட நேர்ந்தால் கையில் மிஞ்சுவது எது என்பதற்கு, அம்மாணவர் தாமே விடையைக் கண்டிருந்தனர். தொடர்பாடல் முறையின் நோக்கிற் பின்தங்கியதாகத் தோன்றிய அவர்களது கோரிக்கை, அவர்களது நிலைமையில் நியாயமான ஒரு பாடத் திட்டமாக இருந்தது. அதனைப் பாடத் திட்டமென்று எவரும் அவர்களிடம் கேட்டறியவில்லை. ஏட்டின் ஓரத்தை ஆசிரியர் பார்க்க நேர்ந்ததனாலேயே நாம் அறிந்தோம்.