கோவெண்டர் என்றால் என்ன சாதி?

தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருத்தர், "எங்க குடும்பப் பேரு கோவெண்டர், பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்கணும்" என்று கேட்டால், நம்மாட்களின் முதல் பதில், "அப்ப நீங்க கவுண்டர்!" இது உதவியே இல்லை. 1860இல் சென்னையிலிருந்து டர்பன் போன 'ட்ரூரோ' தொடங்கி 1911 வரை கப்பலேறிய நம்மவர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. அப்பா பெயரோ பட்டமோ பின்னால் ஒட்டிக்கொண்டது. கப்பல் பட்டியலில் ஆளுக்கொரு எண் உண்டு. அப்பா பெயர், ஜில்லா, கிராமம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. முதலில் அந்த எண்ணைக் கேளுங்க. சாதிக் கட்டமும் இருக்கத்தான் செய்யுது. அவர் கேட்காமல் அதை நாம் வாசித்துக் காட்டுவானேன்? நானே ஒருமுறை காட்டினேன். அந்த அம்மா அப்புறம் பதிலே எழுதவில்லை. அவர் தேடிய ஊர் அதே வரியில்தான் இருந்தது.