தங்கக் கடிகாரமும் சுரங்கக் கணக்கும்

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயல் மூடப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம் ஒரே வரிதான்: ஒரு கிராம் தங்கத்தை மேலே கொண்டுவர ஆகும் செலவு, அந்த ஒரு கிராம் விற்கும் விலையைத் தாண்டிவிட்டது. தங்கவயலின் ஊரிகம் பகுதிக்காரர்களுக்கு அந்த வரி மனப்பாடம். அந்தக் கணக்கிலேயே ஓர் ஓட்டை உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரியும். இங்கே எடுத்த தங்கத்தை அரசு நீண்ட காலம் உள்நாட்டுச் சந்தை விலைக்கு எடுக்கவில்லை. அதைவிடக் குறைந்த சர்வதேச நிர்ணய விலைக்குத்தான் வரவு வைத்தது. அது இருக்கட்டும். ஓர் ஊரையே இழுத்து மூடிய அளவுகோல், லட்சக்கணக்கில் விற்கும் தங்கக் கைக்கடிகாரத்துக்கும் பொருந்தத்தானே வேண்டும்?

விலையுயர்ந்த கடிகாரம் வாங்குவோர் வழக்கமாகச் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. “இது செலவே இல்லை. பத்து வருஷம் கட்டிவிட்டு வாங்கின விலைக்கே விற்றுவிடலாம்.” இதை அப்படியே ஒப்புக்கொண்டு கணக்குப் போடுவோம். கடிகாரம் 40 லட்ச ரூபாய். பத்தாம் ஆண்டு முடிவில் அதே 40 லட்சத்துக்கு விலைபோகிறது. அந்தப் பணம் வரி போக 5 சதவீத வட்டியில் வங்கியில் கிடந்திருந்தால் 25 லட்சம் சேர்ந்திருக்கும். காப்பீடு ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்றால் 4 லட்சம். பத்தாண்டில் ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெய் போட 1 லட்சம். ஆக 30 லட்சம். ‘செலவே இல்லாத’ கடிகாரம் நாளொன்றுக்கு 820 ரூபாய் தின்கிறது, அதுவும் கட்டாமல் பீரோவில் வைத்திருக்கும் நாட்களையும் சேர்த்து.

வாங்கிய விலைக்கே விற்கும் என்பதும் பெரிய சலுகைதான். விலையில் அடங்கிய 18 சதவீத ஜிஎஸ்டி, தனியாள் விற்கும்போது திரும்பி வராது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்குக் கடைக்காரர் பிடிக்கும் ஒரு சதவீத டிசிஎஸ் வரியை வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதைச் செலவில் சேர்ப்பது தவறு. சில எஃகுக் கடிகாரங்கள் கடை விலைக்கு மேலே கைமாறியது உண்மை. ஆனால் 2021-ல் ஏறிய அந்த மறுவிற்பனை விலைகள் 2022-க்குள்ளேயே சரியத் தொடங்கின. உச்சத்தில் வாங்கியவர்கள் அந்த நியாயத்தை இப்போது சத்தமாகச் சொல்வதில்லை.

இனி தங்கத்துக்கு வருவோம். 18 கேரட் என்றால் நூற்றுக்கு 75 பங்கு தங்கம். உறையும் சங்கிலியுமாக 100 கிராம் எடை என்று வைத்தால் சுத்தத் தங்கம் 75 கிராம். கிராம் 12,000 ரூபாய் என்றால் 9 லட்சம். மீதி 31 லட்சமும் வேலைப்பாட்டுக்கு என்று சொல்லிவிட முடியுமா? இங்கேதான் கொஞ்சம் நிதானம் தேவை: அதே கடிகாரத்தின் எஃகு வடிவத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ரோலெக்ஸின் டே-டேட் கடிகாரம் 1956-ல் வந்தது, மைசூர் அரசு தங்கவயல் சுரங்கங்களை எடுத்துக்கொண்ட அதே ஆண்டில். அதைத் தங்கத்திலும் பிளாட்டினத்திலும்தான் செய்கிறார்கள். ஒப்பிட எஃகு ஜோடி கிடையாது. ஆனால் அதே நிறுவனத்தின் சப்மரீனர் போன்றவை எஃகு, தங்கம் இரண்டிலும் கிடைக்கின்றன. உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்றுதான், காட்டும் நேரமும் ஒன்றுதான். எஃகு 10 லட்சம், தங்கம் 40 லட்சம் என்று கொள்வோம். (என் அனுமானம்தான், கையில் விலைப்பட்டியல் உள்ளவர் திருத்திக்கொள்ளலாம்.) கைவேலை, பெயர், மதிப்பு எல்லாம் அந்த 10 லட்சத்திலேயே வந்துவிட்டன. மிச்சமுள்ள 30 லட்சம் 75 கிராம் தங்கத்துக்கு: கிராமுக்கு 40,000 ரூபாய். ஜிஎஸ்டியைக் கழித்தாலும் 33,900. தங்கத்தைக் கடைவது எஃகைவிடக் கவனமான வேலை, எண்ணிக்கையும் குறைவு என்று பதில் வரும். சரி, அதற்கும் கூலி கொடுப்போம். ராபர்ட்சன்பேட்டை நகைக்கடையில் சேதாரம் 20 சதவீதம் என்றால் எழுந்து நடக்கிறவர்கள் நாம். இங்கே செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாமாக 233 சதவீதம்.

ஊரிகத்தில் நின்று பார்த்தால் இன்னொரு செலவும் தெரியும். தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு 47 கிராம் வரை தங்கம் கிடைத்தது. கடைசியில் 3 கிராம். அந்தக் கடைசிக் கணக்கில் 75 கிராமுக்கு 25 டன் பாறை வேண்டும், ஏறக்குறைய இரண்டு டிப்பர் லோடு. அரைத்து, சயனைடில் கரைத்து எடுத்தபின் மிஞ்சிய மண் எங்கும் போகவில்லை. தங்கவயல் முழுக்க 3 கோடி டன்னுக்கு மேல் மேடுமேடாகக் கிடக்கிறது; கோடைக்காற்றில் அந்தத் தூள் வீட்டுக்குள் வந்து பாத்திரத்தில் படியும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறை வெடித்து இறந்தவர்கள், சிலிக்கோசிஸில் இருமி இறந்தவர்கள் எந்த விலைச்சீட்டிலும் இல்லை. ஆனால் இந்தச் சுமையைக் கடிகாரத்தின் தலையில் மட்டும் கட்டுவது நேர்மையாகாது. வளையலும் தாலியும் இதே பாறையிலிருந்துதான் வந்தன. சுவிஸ் கடிகாரத்தில் இருப்பது பழைய தங்கத்தை உருக்கியதாகவும் இருக்கலாம். தங்கத்தைக் கேட்கிற எல்லோரும் பங்கிட வேண்டிய கடன் இது. ஆகவே தீர்ப்பில் இதைச் சேர்க்காமல் விடுகிறேன். சேர்க்காமலே தங்கக் கடிகாரம் தோற்கிறது.

எஃகுக் கடிகாரத்தின் நிலை வேறு. 10 லட்சத்துக்கும் அதே முறையில் பத்தாண்டுக் கணக்குப் போட்டால், பராமரிப்புச் செலவு குறையாமல் நின்றாலும், நாளுக்கு 225 ரூபாய் வருகிறது. நேரம் பார்க்க அது தேவையில்லை. ஓசூரில் டைட்டன் செய்யும் சாதாரண குவார்ட்ஸ் அதைவிடத் துல்லியமாக ஓடும். ஆனால் நுட்பமான ஓர் இயந்திரத்தைக் கையில் கட்டிப் பார்த்து ரசிக்க ஒருவர் அந்தத் தொகையைத் தெரிந்தே கொடுத்தால், ஆசைக்குக் கொடுத்த விலை என்று ஒப்புக்கொள்ளலாம். முதலீடு என்று மட்டும் சொல்லக்கூடாது. தங்கம்தான் வேண்டும் என்பவர் எஃகைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் அந்த 30 லட்சத்துக்கு நாணயம் வாங்கினால் அதே 12,000 ரூபாய் விலையில், 3 சதவீத ஜிஎஸ்டி போக, 240 கிராமுக்கு மேல் கிடைக்கும்.