எங்கள் மைன்கிராஃப்ட் அன்னூருக்கு முத்து வந்தான்

மைன்கிராஃப்ட் சர்வரில் எங்கள் செட்டு கட்டி வைத்திருக்கும் ஊர் அச்சு அசல் அன்னூர். சத்தி ரோடு, மன்னீஸ்வரர் கோயில், குளம் எல்லாம் உண்டு. ஆள் நடமாட்டம்தான் கிடையாது. நாங்கள் வெளியேறினால் ஊரே வெறிச்சோடிவிடும். அதற்கு உயிர் கொடுத்தவன் முத்து. முத்து ஒரு ஏஐ ஏஜென்ட். என்ன ஒரு ஆனந்தம் தெரியுமா!

மைன்ஃப்ளேயர் என்ற இலவச ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தான் அவனுக்குக் கைகால். யோசிப்பதற்கு ஒரு மொழி மாடல். எங்களைப் போலவே அவனும் ஒரு பிளேயராகத்தான் சர்வருக்குள் வருகிறான். முதல் நாள் சாட்டில், "கல் பிக்காசு செய்" என்று மட்டும் சொன்னேன். மரப் பிக்காசால் பாறையை உடைத்தான், மூன்று கல்லோடு கிராஃப்டிங் டேபிள் முன் வந்து நின்றான். பிடிக்குக் குச்சி இல்லை. எர்ரர் வந்தது. சொல்லிக்கொடுக்கலாம் என்று நான் கீபோர்டில் கை வைப்பதற்குள் மீதமிருந்த பலகையைக் குச்சியாக்கி, பிக்காசையும் செய்து முடித்துவிட்டான்! நான் போட்ட சத்தத்தில் வீட்டில் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் வழி காட்டியது 2023-ல் வந்த வாயேஜர் என்ற மைன்கிராஃப்ட் ஏஜென்ட். சென்னை ஐஐடியில் படித்த அனிமா ஆனந்த்குமாரும் அதை உருவாக்கியவர்களில் ஒருவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. வாயேஜர் தனக்கு வேண்டிய நிரலைத் தானே எழுதும். தப்பு வந்தால் எர்ரரைப் படித்துத் திருத்தும். பலித்ததைச் சேமித்து வைத்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய முறைகளைவிட 3.3 மடங்கு அதிக வகைப் பொருட்களைக் கண்டெடுத்தது, வைரம் வரைக்கும் போனது. கற்றதைக் கைவசம் வைத்துக்கொள்கிறதே, அங்கேதான் நான் சொக்கிப்போனேன்.

ஒருநாள் கோதுமை போடச் சொன்னேன். எங்கே என்று சொல்லவில்லை. முத்து நேராகக் குளத்தங்கரைக்குப் போய் மண்ணைக் கொத்தினான். மைன்கிராஃப்டில் தண்ணீரிலிருந்து நாலு கட்டத்துக்குள் இருந்தால்தான் வயல் ஈரம் காக்கும். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, இவனை ஆரு ஓட்டறது?"

"ஆரும் ஓட்டறதில்லீங்க பெரிப்பா, அவனேதான் போறான்."

"அப்ப ராத்திரி தண்ணி கட்டுவானா?"

ராத்திரி கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடப் போனவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். அன்றிலிருந்து அவரும் முத்துவின் ரசிகர்.

2024-ல் ப்ராஜெக்ட் சிட் என்ற ஆய்வில் இதே மைன்கிராஃப்டுக்குள் ஆயிரம் ஏஜென்ட்டுகள் வரை இறக்கினார்கள். யாரும் பிரித்துக் கொடுக்காமலே விவசாயி, காவல்காரர் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்களாம்! படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. எங்கள் கம்ப்யூட்டர் அத்தனை பேரைத் தாங்காது. அடுத்து ஒரு பத்துப் பேரையாவது இறக்கப்போகிறோம். குளத்தைத் தூர்வார யார் முதலில் மண்வெட்டி எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முத்துதான் என்று பெரியப்பா அடித்துச் சொல்கிறார்.