'முடிவிலா' என்னும் அடை: மின்புலக் கணக்கீட்டுத் தொடர்களில் மறையும் ஒப்பு

முன்னுரை

அறிவியல் தமிழைத் திறனாய்வோர் பெரும்பாலும் கலைச்சொற்களையே ஆராய்கின்றனர். அச்சொற்களைக் கோத்து நிற்கும் தொடர்கள் அத்துணைக் கவனம் பெறுவதில்லை. நிலைமின்னியல் பாடங்களில் பயிலும் 'முடிவிலா நீளமுடைய கம்பி', 'முடிவிலாத் தகடு' என்னும் இரு தொடர்களின் அடைமொழி எதனைக் கூறுகிறது, எதனை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவகைக் கணக்கீடு

மின்னூட்டப் பரவலிலிருந்து மின்புலத்தைக் கணக்கிட இரு வழிகள் பெரிதும் பயில்கின்றன. கூலூம் 1785ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிப்படி, ஒவ்வொரு நுண்கூறும் தரும் புலத்தைத் திசையோடு கூட்டுவது ஒன்று. மூடிய பரப்பின் வழியே செல்லும் மின்பாயத்தை அதனுள் அடங்கிய மின்னூட்டத்தோடு இணைக்கும் காஸ் விதியைக் கொள்வது மற்றொன்று. காஸ் விதி எந்த மூடிய பரப்பிற்கும் பொருந்தும். ஆயினும், அதிலிருந்து புலத்தை நேரே பெறுவதற்குப் பரவலில் போதிய சமச்சீர் வேண்டும். முனைகளையுடைய கம்பியைச் சூழ்ந்த உருளைப் பரப்பில் புலம் இடத்திற்கு இடம் மாறும். அங்கு விதி உண்மையாயினும் அது மட்டும் விடை தாராது. இவ்விடர்ப்பாட்டை நீக்கவே கம்பி 'முடிவிலா' எனப்படுகிறது.

எண்கள் காட்டுவன

மின்னூட்டம் சீராகப் பரவிய 20 செ.மீ. நீளமுள்ள மெல்லிய கம்பியைக் கொள்வோம். அதன் நடுப்புள்ளிக்கு நேராக 1 செ.மீ. தொலைவில் உள்ள புலம், முடிவிலாக் கம்பிக்குரிய வாய்பாடு தரும் மதிப்பில் 99.5 விழுக்காடு. தொலைவு 10 செ.மீ. ஆகும்போது அது ஏறத்தாழ 71 விழுக்காடாகும்; 1 மீட்டரில் 10 விழுக்காடே எஞ்சும். கம்பி மாறவில்லை, நோக்கும் இடமே மாறியது.

இனி, மின்னூட்டம் சீராகப் பரவிய 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தகட்டைக் காண்போம். அதன் அச்சில் 1 செ.மீ. தொலைவிலேயே புலம் முடிவிலாத் தகட்டின் மதிப்பில் 90 விழுக்காடாகக் குறைகிறது. கம்பியிற் கண்ட துல்லியத்தைப் பெற அரை மில்லிமீட்டர் அளவிற்குத் தகட்டை அணுக வேண்டும். ஆகவே ஒரே அடைமொழி, வடிவத்திற்கேற்ப வெவ்வேறு நிபந்தனைகளைக் குறிக்கிறது.

தொடரமைப்பின் குறை

'முடிவிலா' என்பது பெயரெச்சமாய் நின்று, நீளத்தைக் கம்பியின் பண்பாகவே உணர்த்துகிறது. உண்மையில் அது நீளத்திற்கும் தொலைவிற்கும் உள்ள ஒப்பு. 'மிக நீண்ட' என மாற்றினும் 'எதனினும் நீண்ட?' என்னும் வினா எஞ்சும். ஒப்பினை உணர்த்தத் தமிழ் இலக்கணத்தில் இடம் இல்லாமல் இல்லை. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்குக் கூறும் பொருள்களுள் ஒப்பும் எல்லையும் அடங்கும். மொழி தரும் வாய்ப்பைப் பாடத்தொடர் பயன்கொள்ளவில்லை என்பதே குறை.

பாடநூலுக்குச் சுருக்கம் வேண்டும் என்பது ஏற்கத்தக்கதே. கணித வருவிப்பிலும் பிழையில்லை. ஆனால் வருவிப்பு முடிந்தபின் மாணவர் நினைவில் நிற்பது வாய்பாடு. அதனை எங்கு நிறுத்த வேண்டும் என்று கூறும் தொடர் இல்லையெனில், 1 மீட்டர் தொலைவில் பத்து மடங்கு மிகையான விடையையும் அவர் ஐயமின்றி எழுதுவார். தமிழ்வழியில் மட்டுமே பயில்வோர்க்கு அத்தொடரைச் சரிபார்க்க வேறொரு நூலும் எளிதிற் கிட்டாது.

முடிவுரை

'கம்பியின் நீளத்தினும் தொலைவு மிகச் சிறிதாயின், முனைகளிலிருந்து விலகி, கம்பியின் நடுப்பகுதிக்கு நேராக உள்ள புள்ளிகளில் இவ்வாய்பாடு பொருந்தும்' என்னும் ஒரு தொடரே கம்பிக்குப் போதுமானது. தகட்டிற்கு அதனோடு எத்துணைச் சிறிது என்னும் அளவையும் சேர்த்தல் வேண்டும். அறிவியல் தமிழின் தரத்தை மதிப்பிடுகையில், கலைச்சொல்லின் தூய்மையோடு நிபந்தனையை உரைக்கும் தொடரின் நிறைவையும் அளவுகோலாகக் கொள்ளுதல் தகும்.