கற்றான் யார்?

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் ஒன்பதாவது குறள், நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணி மருத்துவம் செய்க என்கிறது. அவ்வாறு செய்வோனை வள்ளுவர் அங்கு 'கற்றான்' என்றே சுட்டுகிறார். தொழிலின் பெயரைக் கூறாது, தகுதியையே பெயராக்கிய திறம் எண்ணி மகிழத்தக்கது. ஆயின், ஒருவன் கற்றவன்தான் என்பதை நோயுற்றவன் எவ்வாறு அறிவான்?

பரிமேலழகர் இச்சொல்லுக்கு ஆயுள்வேதம் கற்ற மருத்துவன் எனப் பொருள் கொண்டார். அடுத்த குறளின் உரையில் மருத்துவனுக்கு நான்கு இயல்புகளை வகுக்கிறார். அவை நோய்க்கு அஞ்சாமை, ஆசிரியரிடம் ஓதிய கல்வியும் நுண்ணறிவும், பலகால் நோய் தீர்த்த பழக்கம், மனமொழிமெய்த் தூய்மை என்பன. நோயாளிக்கும் நான்கு கூறுகிறார். பொருளுடைமை, மருத்துவன் சொல்வழி நிற்றல், நோய்நிலையை எடுத்துரைத்தல், மருந்தின் துன்பம் பொறுத்தல் என்பன அவை. மருத்துவனை ஆராய்தல் இவற்றுள் இல்லை. ஊரார் அனைவரும் மருத்துவனையும் அவன் ஆசிரியனையும் அறிந்திருந்த காலத்தில் அது வேண்டப்படவில்லை போலும்.

இவ்விடைவெளியை நிரப்பும் கருத்து குறளிலேயே உண்டு. தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் இறுதிக் குறள், ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் தீராத் துன்பம் தரும் என்கிறது. அஃது அரசன் வினைசெய்வோரைத் தேர்தல் பற்றியது. மருத்துவத்திற்கு எவ்வாறு பொருந்தும் எனச் சிலர் வினவலாம். அரசன் ஒப்படைப்பது ஒரு பொறுப்பை. நோயாளி ஒப்படைப்பது தன் உயிரை. ஆகவே ஆராய்ச்சி இங்கு மிகுதியாகவே வேண்டும்.

செமோர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் போன்ற இடங்களில் பாலுக்குச் சென்று வாழ்ந்தோர்க்கு இது நன்கு விளங்கும். பெரிய டாக்டர் எப்போதோ வந்து போவார். காய்ச்சலுக்கும் காயத்திற்கும் அன்றாடம் கைகொடுத்தவர் 'டிரெசர்' ஐயாவே. அவர் எங்கே பயின்றார் என்று லயத்து மக்கள் கேட்பது எளிதன்று. அவர்கள் கேட்கமுடியாத கேள்வியைச் சட்டம் கேட்டது. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் சட்டம் பிறந்தது. மருத்துவர்களுக்கு 1971-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டமும், மரபு மருத்துவர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. பிரிட்டன் 1858-இலும், சென்னை மாகாணம் 1914-இலும் மருத்துவப் பதிவுக்குச் சட்டம் செய்தன. இன்று மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் ஒரு மருத்துவரின் பெயரை எவரும் இணையத்தில் தேடலாம். தொழில் செய்வதற்கான சான்றிதழையும் ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும்.

பதிவேடு அனைத்தையும் காட்டிவிடுமோ எனின், காட்டாது. பரிமேலழகர் கூறிய நான்கனுள் ஓதிய கல்விக்கே அது முதற்சான்று. பழக்கத்தை ஊர் சொல்லும். மனத்தூய்மையைப் பழகித்தான் அறியவேண்டும். எனினும் கல்வியே இல்லாதவனிடம் ஏனைய மூன்றும் இருந்து பயன் என்ன? அஞ்சாமை மட்டும் உடைய கல்லாதான், நோயினும் கொடியவன் ஆவான்.

மருத்துவரின் தகுதியைக் கேட்பது அவமதிப்பு என்று நம்மவர் கூசுகின்றனர். கற்றவர்க்கு அக்கேள்வி இழுக்கன்று. கல்லாதவரே அதற்குச் சினப்பர். கேட்டுத் தெளிந்தபின் குறளின் மறுபாதியையும் மறத்தல் ஆகாது. தெளிந்த மருத்துவரை ஐயுற்று, மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் அதே துன்பத்தையே தரும்.